கிளட்ச் இல்லாத வண்டி

நான் அவரை முதன்முதலில் பார்த்தபோது அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதிரே மேசைக்குப் பின்னால் சர்வீஸ் மேனேஜர் உட்கார்ந்திருந்தான். என்னைவிடச் சின்னவன், கழுத்தில் டை. "மேல சொல்லிட்டாங்க மேடம், என் கையில ஒண்ணும் இல்ல" என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தான். அதற்குத்தான் அவர் மேலே பார்த்தார்.

"மேலன்னா யாருப்பா? மேல ஃபேன்தான் ஓடுது."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அந்த ஆளைத் தேடினார்.

நான் அப்போது அந்த சர்வீஸ் சென்டரில் வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். வேலூருக்கு வெளியே, ஹைவே ஓரம். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஒரு டேனரி, பெங்களூரில் ஒரு கேன்டீன், ஓசூரில் லாரிக்கு கிளீனர் என்று சுற்றி, ஒரே இடத்தில் இரண்டு தீபாவளி பார்க்காமல் வந்தவன். வேலை செய்த இடங்களில் பார்த்த முகங்கள் எனக்கு நிற்பதில்லை. இவர் முகம் நின்றுவிட்டது. எங்காவது ஒரு கவுன்டரில் "ரூல்ஸ் அப்படிங்க" என்று யாராவது சொல்லும்போது அந்த முகம் வந்துவிடும். கூடவே கோபமும் வரும்.

அவருடைய குணம் இதுதான்: யாராவது ஒன்றை இல்லை என்று சொன்னால், அந்த இல்லையை அவர்களை முழுசாகச் சொல்ல வைப்பார். யார் சொல்கிறார்கள், எதற்காக என்று எதிரே இருப்பவன் தன் வாயாலேயே சொல்லியாக வேண்டும். கம்பெனி சொல்லுது, சிஸ்டம் எடுக்கல, ஹெட் ஆபீஸ் மெயில் என்பதெல்லாம் அவரிடம் செல்லாது. "கம்பெனிக்கு வாய் கீதா? உனக்குத்தான கீது? சொல்லு."

அன்றைக்கும் அப்படித்தான் கேட்டார். "சரி, வாரன்டி இல்லன்றே. இன்னாத்துக்கு இல்ல? அதச் சொல்லு."

மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துப் படித்தான். "கிளட்ச தப்பா யூஸ் பண்ணதால கியர்பாக்ஸ் டேமேஜ் மேடம். காலை கிளட்ச் மேலயே வெச்சிக்கிட்டு ஓட்டியிருக்காங்க."

"யாரு ஓட்டினது?"

"நீங்கதான் மேடம்."

"எந்தக் காலு?"

அவனுக்குப் புரியவில்லை. அவர் புடவையைக் கணுக்காலுக்குமேல் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். இடது கால் முழங்கையைப் போல மெலிந்திருந்தது. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, அதைச் சேர்த்துக் கட்டிய தோல் வார். சின்ன வயதில் வந்த போலியோ.

"இந்தக் காலா? இது என் பேச்சையே கேக்காது. கிளட்ச் மேல போயி குந்திக்குமா?"

"மேடம், நான் அப்படிச் சொல்ல வரல..."

"சரி, காலை விடு. என் வண்டியில கிளட்ச் எங்க கீது? வா, வந்து காட்டு. நீ காட்டிட்டா நான் இப்பவே போய்ட்றேன்."

அவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வண்டி நாங்கள் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. சின்ன வண்டி, விலை குறைந்த மாடல், கியர் தானாக மாறுகிற ரகம். கதவைத் திறந்து காட்டினார். கீழே இரண்டே மிதிகள்தான், பிரேக்கும் ஆக்சிலேட்டரும்.

மேனேஜர் குனிந்து பார்த்தான். அதை அவன் அப்போதுதான் பார்க்கிறான் என்று எனக்குத் தோன்றியது. யாரோ எங்கோ எல்லா வண்டிக்கும் பொதுவாக எழுதி வைத்திருந்ததை அவன் படித்திருக்கிறான், அவ்வளவுதான். நிமிர்ந்து, "உள்ள கிளட்ச் இருக்கு மேடம். அது தானா மிதிச்சிக்கும்" என்றான்.

"தானா மிதிச்சிக்குதுல்ல? அப்ப தப்பா மிதிச்சது அதுதான? என்னை ஏன் கேக்கறே? அதைக் கேளு."

என் கையிலிருந்த பைப்பில் தண்ணீர் சும்மா போய்க்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தவில்லை.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து கம்பெனி இன்ஜினியர் வருவார், அவர் பார்த்துச் சொல்வார் என்று மேனேஜர் தப்பித்தான். வண்டி அங்கேயே நின்றது. வாரன்டி முடிய இன்னும் நாள் இருந்தது. அதற்குமுன் ஒரு நாள் அவர் வேலை முடிந்து திரும்பும்போது மேம்பால ஏற்றத்தில் வண்டி இரண்டாவது கியரிலேயே மாட்டிக்கொண்டதாம். பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, அவர் இறங்கவும் முடியாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அவருக்கு வீடு விரிஞ்சிபுரத்தில், வேலை ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில். மேல்தோல் தைக்கிற பெண்ணாகச் சேர்ந்து, தைத்ததைச் சோதித்து அனுப்பும் சூப்பர்வைசர் ஆகியிருந்தார். வண்டி வாங்குவதற்குமுன் கம்பெனி வேனில் போவார். படி உயரம். டிரைவர் காத்திருக்க மாட்டான். உள்ளே இருக்கும் பெண்கள் இரண்டு கையையும் பிடித்து மூட்டையை ஏற்றுவதுபோல இழுத்துப் போடுவார்கள். "அதுங்க நல்ல பசங்கதான். ஆனா மூட்டைக்கு வலிக்காது, எனக்கு வலிக்கும்" என்றார் ஒருமுறை. கிளட்ச் இல்லாத வண்டி என்று ஒன்று வந்திருக்கிறது, வலது கால் மட்டும் போதும் என்று தெரிந்த அன்றே அதை வாங்குவது என்று முடிவு செய்தாராம். ஓட்டக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். எனக்கும் உங்களுக்கும் வண்டி வசதிக்கு. அவருக்கு அது இன்னொரு கால். அதைத்தான் அவர்கள் கூரைக்கு அடியில் நிறுத்திவைத்துவிட்டு, வாராவாரம் காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மறுபடி மூட்டையாக வேனில் ஏற மனசில்லாமல் அவர் பஸ்ஸில் போய்வந்தார். சனிக்கிழமைகளில் அரை நாள் லீவு போட்டுவிட்டு சர்வீஸ் சென்டருக்கு வருவார். கஸ்டமர் உட்காரும் ஏசி அறைக்குப் போகமாட்டார். நாங்கள் கழுவும் இடத்தில் ஒரு பலகை கிடந்தது. அதில் உட்கார்ந்தால் அவருடைய வண்டி தெரியும். மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, அந்த அம்மாவிடம் யாரும் பேசக்கூடாது என்றான். அதன் பிறகுதான் எல்லோரும் பேச ஆரம்பித்தோம்.

ஒரு சனிக்கிழமை முழங்கையில் கட்டோடு வந்தார். "இன்னாக்கா ஆச்சு?" என்றேன்.

"பஸ் பள்ளிகொண்டாவுல நின்னுச்சு, அங்கதான் வேற பஸ் மாறணும். நான் எறங்கறதுக்குள்ள விசில் ஊதிட்டான்."

"கண்டக்டர சும்மாவா வுட்டீங்க?"

"அதே பஸ்ஸு மறுநாள் வருமில்ல? ஏறி அவன் பக்கத்துல நின்னேன். ஏம்பா விசில் ஊதினேன்னு கேட்டேன். டைம் ஆச்சுன்னான். டைம் ஆனா நான் வுழலாம், அப்படித்தான, அத உன் வாயால சொல்லிட்டுப் போன்னேன். வேலூர் வர்ற வரைக்கும் கேட்டேன்."

"சொன்னானா?"

"அழுதுட்டான். சின்னப் பையன். அப்புறம் எனக்கே பேஜாரா போச்சு."

அவரோடு பழகினால் இந்தச் சங்கடமும் கூடவே வரும். அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் கேட்டுக் கேட்டு எதிராளியின் எலும்பு தெரிகிற வரை போய்விடுவார். தன் கல்யாணக் கதையை அவரே சொன்னார். வாணியம்பாடிப் பக்கமிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்திருக்கிறது. கால் விஷயம் முன்பே தெரியும் அவர்களுக்கு. போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லியனுப்பவே இல்லை. இவர் அடுத்த மாதம் பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்கே போய்விட்டார், தனியாக.

"போயி?"

"எதுக்கு வேணான்றீங்கன்னு கேட்டேன். ஜாதகம்னாங்க. ஜாதகம் நீங்க கேக்கவே இல்லியேன்னேன். வயசுன்னாங்க. அதுவும் இல்ல. காலுன்னா காலுன்னு சொல்லுங்கம்மா, எனக்குத் தெரிஞ்ச கால்தான அதுன்னேன்."

"சொன்னாங்களாக்கா?"

"அந்த அம்மா சொன்னாங்க. ஆமாம்மா, காலுதான்னு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? டீ குடுத்தாங்க. குடிச்சிட்டு வந்தேன்."

அதற்குப் பிறகு அவர் யார் முன்னாலும் தட்டு தூக்கிக்கொண்டு நிற்கவில்லை.

சென்னை இன்ஜினியர் ஒருவழியாக வந்தார். வண்டியைத் தூக்கி நிறுத்தி, கியர்பாக்ஸைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். மேனேஜரைவிட வயதானவர். சிரித்த முகம். சிரித்துக்கொண்டே சொன்னார். "கிளட்ச்னு எழுதினது எங்க பசங்களோட மிஸ்டேக் மேடம், சாரி. ஆனா உள்ள ஃபுல்லா உப்புத் துரு. கியர மாத்துற பார்ட், ஒயர் எல்லாம் அரிச்சிருக்கு. கடல் தண்ணியில வண்டி எறங்கினா வாரன்டி கெடையாது. புக்லயே இருக்கு."

அவர் அந்த ஆளைப் பார்த்தார். "எந்தக் கடலு?"

"எந்தக் கடல்னு நான் எப்படி மேடம் சொல்றது? பீச்சுக்குப் போயிருப்பீங்க."

"ஆம்பூர்ல எந்தத் தெருவுல சார் பீச் கீது? பாலாத்துலயே தண்ணி இல்ல. ஆத்த நான் காட்டறேன், உன் கடலை நீ காட்டு."

மெக்கானிக்குகள் ஸ்பேனரை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். இன்ஜினியரும் சிரித்தார். சிரித்தபடியே போய் அதையே எழுதிக்கொடுத்துவிட்டார். முதலில் ஒரு பொய்யைச் சொல்லி, அது ஒட்டவில்லை என்றதும் சாரி என்று உரித்துப் போட்டுவிட்டு, அடுத்ததை ஒட்டினார்கள். இல்லாத கிளட்சை மிதித்தவர் இப்போது இல்லாத கடலில் இறங்கிவிட்டார்.

அவர் கேஸ் போட்டார். சத்துவாச்சாரியில் ஒரு வக்கீலைப் பிடித்தார். வக்கீல் வழக்கைக் கேட்டுவிட்டு கையைத் தேய்த்தாராம். கிளட்ச் இல்லாத வண்டிக்குக் கிளட்ச், கடல் இல்லாத ஊருக்குக் கடல், இதைவிட நல்ல கேஸ் என்ன வேண்டும்? கம்பெனிக்காரன் நின்று பேசவே முடியாது என்றார். எனக்கும் அது உறுதியாகத் தெரிந்தது. பலகையில் உட்கார்ந்து நாங்கள் எல்லோரும் ஜெயித்துவிட்டோம்.

இடையில் ஒரு சனிக்கிழமை அவர் வந்தார். யாரையும் திட்டவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

"கடல் எதுன்னு தெரிஞ்சு போச்சுப்பா" என்றார்.

அவர் வேலை செய்த கம்பெனியின் பின்பக்கம் டேனரியும் இருந்தது. ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் அழுகாமல் இருக்க அறுக்கிற இடத்திலேயே உப்பைக் கொட்டித்தான் அனுப்புவார்கள். டேனரிக்கு வந்ததும் ஊறப்போடுவதற்குமுன் ஒவ்வொரு தோலையும் பலகையில் அடித்து உப்பை உதறுவார்கள். உதறிய உப்பு அந்த ஷெட் முழுக்கக் கிடக்கும். மழை பெய்தால் கரைந்து தேங்கும். கம்பெனியின் முன்வாசலில் படிகள். இந்த ஷெட்டை ஒட்டிய சின்ன கேட்டில் படி கிடையாது. கால் முடியாதவர் என்று வாட்ச்மேன் பரிதாபப்பட்டு, வண்டியை இங்கேயே விட்டுக்கொள்ளுங்கள் என்று இடம் பிடித்துக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து தினமும் பகல் முழுக்க வண்டி அந்த உப்பின்மேல்தான் நின்றிருக்கிறது. மழைக்காலத்தில் அந்தத் தண்ணீரை வாரியடித்துக்கொண்டுதான் போய் வந்திருக்கிறது.

"சைக்கிளு, பைக்கு எல்லாம் அங்கதான் வுடுவாங்க. ரெண்டு வருசத்துல சைலன்ஸர் ஓட்டை வுழுந்துடும். பைக்கு கம்பெனிக்காரன் சரக்கு சரியில்லன்னு எல்லாரும் திட்டுவோம். நானும் திட்டியிருக்கேன். நேத்து மதியம் சோறு துன்னுட்டு வெளிய வந்து நிக்கறேன், அந்தாளு தோல உதறறாரு. என் செருப்பு மேல வந்து வுழுது. கீழ பாக்கறேன், வெள்ளையா கீது. இத்தினி வருசமா அது மேலதான் நடக்கறேன்."

ராணிப்பேட்டை டேனரியில் அதே உப்பை நானும் மிதித்திருக்கிறேன். எனக்கும் தோன்றவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது உப்பே இல்லை, தரை.

"யார்ட்டயும் சொல்லாதீங்கக்கா" என்றேன். வக்கீலும் அதையேதான் சொன்னார். வண்டி கம்பெனி கடல் என்று எழுதிக்கொடுத்திருக்கிறது, கடல் இல்லை என்று நாம் சொன்னால் போதும், வேறு வாயைத் திறக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

கேஸ் நடந்த அன்று எனக்கு வார லீவு. நானும் போனேன். கம்பெனி வக்கீல் கிளட்சைப் பற்றி மூச்சே விடவில்லை. கடல் தண்ணீர் என்றார், புக்கில் இருக்கிறது என்றார். எங்கள் வக்கீல் எழுந்து, வண்டி வாங்கிய நாளிலிருந்து என் கட்சிக்காரர் கடற்கரைப் பக்கமே போனதில்லை என்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே கேட்டார்.

"நீங்க வண்டிய கடலுக்குக் கொண்டுபோனீங்களாம்மா?"

"இல்லீங்கய்யா."

"சரி, உக்காருங்க."

அதோடு முடிந்திருக்க வேண்டும். வக்கீல் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா உட்காரவில்லை.

"கடல் பொய்யிங்கய்யா. கிளட்ச்சும் பொய்யி. ஆனா உப்பு நெஜம். தோல் உதறுற எடத்துல வண்டிய வுட்டிருந்தேன். இவங்களுக்கு அது தெரியாது. தெரியாமயே கடல்னு எழுதிக்கினாங்க. எனக்கும் அப்ப தெரியாது, இப்பத்தான் தெரியும். வண்டிய குடுக்க வந்தப்ப இவங்க ஆளு அங்கதான் வந்து குடுத்துட்டுப் போனாரு. தோலுப்பு ஆவாதுன்னு அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வுட்டிருக்க மாட்டேன். புக்குல கடல்னுதான் கீது. அதுக்கு இன்னா சொல்றீங்களோ சொல்லுங்க."

எங்கள் வக்கீல் தன் கேஸ் கட்டைப் படாரென்று மூடினார். கம்பெனி வக்கீல் அவசரமாக எதையோ குறித்துக்கொண்டார். வெளியே வந்ததும் பஸ் ஸ்டாப் வரை நான் அவருக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தேன். அவருடைய கால் கம்பி பின்னால் கிணுகிணுத்துக்கொண்டே வந்தது.

தீர்ப்பு எதிராக வந்தது. உப்பு படும் என்று பார்த்தாலே தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தியது சொந்தக்காரரின் பொறுப்பு, கடலுப்பாக இருந்தாலும் தோலுப்பாக இருந்தாலும் துரு துருதான் என்று இருந்ததாம். கிளட்ச் என்று எழுதியது தவறு என்று கம்பெனியையும் ஒரு வரியில் கண்டித்திருந்தார்கள். ஒரே ஒரு வரி. அவருக்கு வண்டி இல்லை, அவர்களுக்கு ஒரு வரி.

வண்டியை எடுத்துப்போக அவர் ஒரு ரெக்கவரி வேனோடு வந்தார். ஆம்பூரில் பேரணாம்பட்டு ரோட்டில் ஒரு மெக்கானிக், பழைய வண்டியிலிருந்து கியர்பாக்ஸ் எடுத்துப் போட்டுத் தருகிறேன் என்றிருந்தார். முன்சக்கரங்களைத் தூக்கிக் கொக்கியில் மாட்டி, கேட்டருகே போனதும், சர்வீஸ் சென்டர் வாட்ச்மேன் கேட்டைப் பூட்டினான். இத்தனை மாதம் வண்டி நின்றதற்கு வாடகை கட்டாமல் விடக்கூடாது என்று மேனேஜரின் உத்தரவு.

வேன் கேபின் உயரம் என்பதால் அவர் தன் வண்டியிலேயே, டிரைவர் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு குடும்பம் பட்டுப்புடவையும் மாலையுமாகப் புது வண்டி எடுக்க வந்து நின்றது. மேனேஜர் ஓடிவந்தான்.

"பூட்டிக்கோ தம்பி. ஆனா இன்னாத்துக்குப் பூட்டினேன்னு அவங்களுக்கும் கேக்கற மாதிரி சொல்லு. என் வண்டி இன்னாத்துக்கு இங்க நின்னுச்சு, மொதல்ல இன்னா சொன்னே, அப்புறம் இன்னா சொன்னே, எல்லாம் சொல்லு. நான் குந்தினு கீறேன். நெதானமா சொல்லு."

மேனேஜர் மாலைக்காரர்களைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், வாட்ச்மேனுக்குக் கையைக் காட்டினான். கேட் திறந்தது. நான் பைப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் பக்கத்து சீட்டில் ஏறினேன். நாளைக்கு வராதே என்று சொல்ல மேனேஜர் வாயெடுத்தான். அதற்குள் நான் கதவைச் சாத்திவிட்டேன். அந்த இடமும் எனக்குப் போதும் போதும் என்றுதான் இருந்தது.

வேன் எங்களை இழுத்துக்கொண்டு போனது. முன்பக்கம் தூக்கியிருந்ததால் இரண்டு பேரும் சாய்ந்தபடி, ரோட்டைவிட வானத்தைத்தான் அதிகம் பார்த்தோம். அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

விரிஞ்சிபுரம் தாண்டிய பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். "அன்னிக்குக் கம்முனு குந்தியிருந்தா ஜெயிச்சிருப்போம்."

"ஜெயிச்சிருப்போம்."

"உங்களை எவனும் கேக்கவே இல்லியேக்கா."

"கேக்கலதான்."

"அப்புறம் இன்னாத்துக்கு?"

"நான் தோத்தது நான் சொன்னதுக்குப்பா. அவனுங்க சொன்னதுக்கு இல்ல" என்றார்.

எனக்கு அது போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை. பொய் சொன்னவர்கள் ஏசியில் உட்கார்ந்திருக்க, உண்மை சொன்னவர் பஸ் படியில் தொங்க வேண்டும் என்றால் அந்த உண்மையை வைத்து என்ன செய்வது என்று அவரிடமே கத்தினேன். அவர் என்னைத் திட்டவில்லை. கத்தட்டும் என்று விட்டுவிட்டார்.

ஆம்பூர் வந்தது. பேரணாம்பட்டு ரோட்டுக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். அவர் இண்டிகேட்டர் குச்சியைத் தட்டினார். பேட்டரி செத்து மாதக்கணக்காகியிருந்தது, விளக்கு எரியவில்லை. அவர் கண்ணாடியைக் கையால் சுற்றிச் சுற்றி இறக்கினார். பின்னால் வரும் லாரிக்குத் தெரிகிற மாதிரி வலது கையை நன்றாக வெளியே நீட்டினார். வேன் திரும்பி முடிக்கும்வரை அந்தக் கையை மடக்கவில்லை.